குட்டி இதயங்களைக் கீறாமல் பார்க்க எந்த ஒளி?

ஆய்வகத்தில் வளரும் சின்ன உயிர்களின் இதயத்தை, நெஞ்சைத் திறக்காமல், ஒளியால் மட்டுமே படம் பிடிக்க இன்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, எந்த விலங்கு? டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும், எலும்பு மட்டும் தெரியாது. ஒளி வெளியே வருகிறது. ஆனால் திசுவுக்குள் சிதறிச் சிதறி, எங்கிருந்து கிளம்பியது என்ற தகவலைத் தொலைத்துவிட்டு வருகிறது. ஆகவே இதயத்துக்கு மேலே எவ்வளவு திசு இருக்கிறது என்பதுதான் போட்டியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

பழ ஈயில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஓ.சி.டி. (OCT, optical coherence tomography). 1991-இல் அறிமுகமான இந்த முறை, கண் மருத்துவத்தில் விழித்திரையைப் பார்க்கப் பயன்படும் அதே நுட்பம்தான். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் குறுக்கீட்டை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை, சில மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் பார்க்கலாம். ஈயின் இதயமோ முதுகுத் தோலை ஒட்டினாற்போல் ஓடும் ஒரு குழாய். ஈயை ஜெல்லில் அசையாமல் பதித்தால் போதும். மயக்க மருந்துகூடத் தேவையில்லை. இது சின்ன விஷயமில்லை, மயக்க மருந்தே இதயத் துடிப்பை மாற்றிவிடும்.

ஒரே கோட்டை விடாமல் ஸ்கேன் செய்து, நேரத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்டால் திரையில் இரண்டு வரிகள் தெரியும். மேலே குழாயின் ஒரு சுவர், கீழே மறு சுவர். இரண்டும் நெருங்கும், விலகும், நெருங்கும். நடுவில் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் வரிகள் சேராமல் நீளமாக இணையாகவே ஓடும். கண்ணாலேயே பிடித்துவிடலாம். விரிந்தபோது எவ்வளவு, சுருங்கியபோது எவ்வளவு என்று அளந்தால் சுருங்கும் திறன் சதவீதமாகக் கிடைத்துவிடுகிறது. சாயம் வேண்டாம், ஒளிரும் புரதத்துக்காக மரபணுவைத் தொட வேண்டாம்.

குறை என்ன? ஓ.சி.டி. பார்ப்பது சிதறலை மட்டும். சுவர் அசைவது தெரியும். அந்தச் சுவரில் எந்த செல் என்ன செய்கிறது என்று தெரியாது.

அங்கேதான் ஒளித்தாள் நுண்ணோக்கி முந்துகிறது. ஆனால் அதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு உடம்பு வேண்டும், அதாவது ஜீப்ரா மீன் குஞ்சு. 2004 வாக்கில் உயிருள்ள கருக்களைப் பார்க்க வந்த இந்த முறையில், மெல்லிய தகடு போன்ற ஒளி பக்கவாட்டில் நுழையும்; கேமரா அதற்குச் செங்குத்தாக இருந்து பார்க்கும். அந்த ஒரு அடுக்கில் மட்டும் ஒளி படுவதால் மற்ற செல்கள் சும்மா வெந்துகொண்டிருப்பதில்லை. இதயத் தசையைப் பச்சையிலும் உள்சுவரைச் சிவப்பிலும் ஒளிரவிட்டால் செல் செல்லாகப் பார்க்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதையும் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் ஒளித்தாளுக்கே பரிசா? முப்பரிமாணம் என்று வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. நொடிக்கு இரண்டு மூன்று முறை துடிக்கும் இதயத்தை அடுக்கடுக்காகத்தான் படமெடுக்க முடியும். ஒவ்வொரு அடுக்கிலும் சில துடிப்புகளைப் பதிவு செய்து, பிறகு கணினியில் எல்லாவற்றையும் துடிப்பின் ஒரே கட்டத்துக்கு ஒத்திசைப்பது பழகிய வழி. துடிப்பு சீராக இருந்தால் அற்புதமாக வேலை செய்யும். தாளம் தப்பிய இதயத்தில் இந்த ஒத்திசைவே உடைந்துவிடுகிறது. தாளம் தப்புவதைப் படிக்கத்தான் பலர் இதைத் தேடி வருகிறார்கள் என்பது வேடிக்கை. மிக வேகமான கேமராக்கள் கொஞ்சம் கைகொடுக்கின்றன, ஆனால் கிடைக்கும் தரவைக் கையாள்வது தனி வேலை.

இன்னொரு உரசலும் உண்டு. நீல ஒளிக்கு இணங்கும் புரதத்தை இதயத்தில் வைத்து, ஒளியாலேயே அதைத் துடிக்க வைக்கும் சோதனைகள் இருக்கின்றன. ஈயில் இது 2015-இல் செய்து காட்டப்பட்டது. ஓ.சி.டி.யின் அகச்சிவப்பு ஒளி அந்தப் புரதத்தைச் சீண்டாது, துடிக்க வைத்துக்கொண்டே பார்க்கலாம். பச்சை ஒளிர்வைப் பார்க்கும் ஒளித்தாளுக்கோ அதே நீல ஒளிதான் வேண்டும். பார்க்கப் போனாலே தூண்டிவிடும்.

இடையில் ஒன்று: மீன் குஞ்சில் துடிப்பு வேகமும் ரத்த ஓட்டமும் மட்டும் போதுமென்றால் சாதாரண நுண்ணோக்கியும் நொடிக்கு நூறு படம் எடுக்கும் கேமராவும் போதும். மருந்துகளைச் சலித்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நீரின் வெப்பத்தை 28.5 டிகிரியிலேயே வைத்திருங்கள், குறைந்தால் துடிப்பும் குறையும்.

வளர்ந்த சுண்டெலிக்கு வந்தால் கதை மாறுகிறது. ரோமம், தோல், விலா எலும்பு, நுரையீரல் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இதயமோ நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. செல்கள் தாமே வெளியிடும் மங்கலான ஒளியைப் பதிவு செய்யும் உயிரொளிர்வு முறையில் ஒரு படத்துக்கே சில நொடிகள் முதல் நிமிடங்கள் வரை ஆகும் என்பதால் துடிப்பு தெரியவே தெரியாது. ஆனால் இதயத்தில் செலுத்திய செல்கள் மூன்று வாரம் கழித்தும் உயிரோடு இருக்கின்றனவா என்று அதே எலியில் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஒளியொலி முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது: நொடிப்பொழுது பாயும் லேசர் ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சி மீயொலியை எழுப்பும், ஒலி ஒளியைப் போலச் சிதறுவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். எலியின் துடிப்பை மட்டும் அளக்க வேண்டுமா? ஒளியை விட்டுவிட்டு 30, 40 மெகாஹெர்ட்ஸ் மீயொலியால் படமெடுக்கும் எக்கோவுக்குப் போங்கள்.