கழுத்தில் எலும்பு வளர்கிறது, ஆனால் வலி இல்லை: ஒரு ஸ்கேன் சென்டரும் ஒரு முதுகெலும்பு கிளினிக்கும்

ஸ்கேன் சென்டருக்கு ஐந்துக்கு இரண்டரை, கிளினிக்குக்கு நாலரை. இரண்டும் கோயம்புத்தூரில்தான். பெயர் எதையும் போடவில்லை, நீங்கள் எந்த ஊரில் எங்கே போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

அண்ணனுக்கு 46 வயது, சர்க்கரை உண்டு, உடம்பும் கொஞ்சம் கனம். பைக் சறுக்கி விழுந்ததில் எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் முள்ளெலும்புகளின் பின்பக்கமாக, தண்டுவடத்தை ஒட்டி மேலிருந்து கீழே ஓடும் லிகமென்ட் (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்) எலும்பாக இறுகிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஓபிஎல்எல் என்கிறார்கள். வலி இல்லை, கை மரத்துப்போவது இல்லை, சட்டை பட்டன் போடுவதில்கூடத் தடுமாற்றம் இல்லை. இப்படி எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு இனி என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் ஸ்கேன் சென்டர். எம்ஆர்ஐ, சிடி இரண்டும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெஷினில் குறை சொல்ல முடியாது, படங்கள் தெளிவாக இருந்தன, உள்ளே படுக்கப் பயந்த அண்ணனிடம் மைக்கில் பேசிக்கொண்டே முடித்துவிட்டார் அந்த டெக்னீஷியன் தம்பி. ரிப்போர்ட்தான் ஏமாற்றம். சி3 முதல் சி6 வரை (கழுத்தின் மூன்றாவது எலும்பு முதல் ஆறாவது வரை) ஓபிஎல்எல் காணப்படுகிறது, மருத்துவரைப் பார்க்கவும், அவ்வளவுதான். எந்த வகை, எவ்வளவு தடிமன், தண்டுவடத்துக்கு மிச்சம் எத்தனை மில்லிமீட்டர், ஒன்றுமே இல்லை. கேட்டால் கவுன்டரில் "டாக்டர் சொல்லுவாருங்க" என்றார்கள். தொந்தரவோடு வருபவருக்கு இது ஓரளவு போதும், டாக்டர் கையைக் காலைப் பார்த்தே முடிவெடுப்பார். தொந்தரவே இல்லாதவருக்கு அளவுகள்தான் ஆதாரம். அடுத்த வருஷம் எடுக்கும் படத்தை எதோடு ஒப்பிடுவது?

அப்புறம் கிளினிக். அந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு சிடி ஸ்கேன் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கள் கண் முன்னாலேயே அளந்தார். தண்டுவடம் ஓடும் எலும்புக் குழாயின் முன்பின் அகலம் 15 மி.மீ., வளர்ந்த எலும்பு 6, மிச்சம் 9, அதாவது நாற்பது சதவீதம் அடைபட்டிருக்கிறது. வகை, கலப்பு: ஓரிடத்தில் இரண்டு மூன்று எலும்புகளைத் தாண்டித் தொடர்ச்சியாகவும், கீழே துண்டாகவும். அதன் பிறகு பத்து விநாடியில் எத்தனை தடவை விரல்களை மடக்கி விரிக்க முடிகிறது என்று எண்ணினார் (இருபதுக்கு மேல் வந்தால் நல்லது), நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தார், தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

எனக்கு இந்த டாக்டரைப் பிடித்துப்போனதற்குக் காரணம், எலும்பு வளருமா என்பதையும் தண்டுவடம் பாதிக்கப்படுமா என்பதையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. வளர்ச்சி அதிகமாக இருப்பது குறைந்த வயதில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு, கலப்பு வகையும் தொடர் வகையும் உள்ளவர்களுக்கு, உடல் எடை கூடியவர்களுக்கு. வயசானவர்களுக்குத்தான் வேகமாக வளரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம், நேர்மாறு. சர்க்கரைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் சர்க்கரையைக் குறைத்தால் எலும்பு வளர்வது நின்றுவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார். குடும்பத்திலும் வரும் என்பதால், கழுத்தில் ஏதாவது தொந்தரவு வந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

தண்டுவடம் பாதிக்கப்படுவது வேறு கணக்கு. இந்த நோயைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர்கள் ஜப்பான்காரர்கள். ககோஷிமா பல்கலைக்கழகத்தில் மத்சுநாகா குழு பார்த்தவர்களில், மிச்ச இடம் 6 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருந்த அத்தனை பேருக்கும் பாதிப்பு இருந்தது, 14 மி.மீ.க்கு மேல் இருந்த ஒருவருக்கும் இல்லை. நடுவில் இருப்பவர்களுக்குக் கழுத்து எவ்வளவு அசைகிறது என்பது முக்கியம். குழாயில் அறுபது சதவீதத்துக்கு மேல் அடைபட்டவர்களுக்கும் பாதிப்பு வந்திருந்தது. அதே குழுவின் நீண்ட காலத் தொடர் ஆய்வில், ஆரம்பத்தில் தண்டுவடப் பாதிப்பு இல்லாதவர்களில் 30 வருஷம் கழித்தும் அது வராமல் இருப்பவர்கள் சுமார் 71 சதவீதம் என்று கணக்கு வந்தது. அண்ணன் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது இந்த எண்ணைக் கேட்டுத்தான். இன்னொன்று, ஜப்பானில் உடல் பரிசோதனைக்கு வந்த 1,500 பேரின் சிடி ஸ்கேனைப் பார்த்ததில் 6.3 சதவீதம் பேருக்குக் கழுத்தில் இது இருந்திருக்கிறது. இருப்பதே தெரியாமல் வாழ்பவர்கள் அத்தனை பேர்.

டாக்டர் குரலை உயர்த்திச் சொன்ன ஒரே விஷயம் சலூன். முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அது கூடவே கூடாது. "சார், இனிமே உட்காரும்போதே சொல்லிடுங்க, கழுத்துல கை வைக்காதீங்கன்னு." எண்ணெய் போட்டு கழுத்தை இழுத்துவிடும் வைத்தியமும் வேண்டாம். குழாய் குறுகலாக இருக்கும் ஆளுக்குக் கீழே விழுந்த ஒரு சின்ன அடியே கை கால் விழுந்துபோகக் காரணமாகலாம், அதனால் குளியலறைத் தரை, பைக் வேகம் எல்லாவற்றிலும் கவனம். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டும், மூச்சுக்கு டியூப் போடும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். ஆபரேஷன் இப்போது தேவையில்லை, வருஷம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும், கை மரத்தாலோ நடை தள்ளாடினாலோ உடனே வர வேண்டும் என்றார்.

அரை மார்க் குறைத்தது காத்திருப்புக்கு. டோக்கன் நேரம் பத்து மணி, உள்ளே கூப்பிட்டது ஒரு மணிக்கு மேல், உட்காரும் இடத்தில் நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலிகூடக் கிடையாது, முதுகுவலிக்காரர்கள் வரும் இடத்தில் இதைக் கவனிக்க வேண்டாமா? எடை குறைக்கக் கொடுத்த உணவுத் தாளில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும்தான் இருக்கிறது, இட்லி தோசை சாப்பிடும் வீட்டுக்கு அது உதவாது. ஃபீஸ் 800, செலவழித்த நேரத்துக்கு நியாயம்.

ஸ்கேன் எடுக்கும்போதே வகை, தடிமன், மிச்ச இடம் மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், படம் பதிந்த டிஸ்க்கையும் விடாமல் வாங்குங்கள். கிளினிக்குக்குப் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள்.