"3200 பஸ்" என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

திருகோணமலையில் கணினிக்கு ராம் (வேலை நேர நினைவகம்) மாற்றப் போகிறவர்கள், அதிலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கடை ஏறும் பெற்றோர், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

உவர்மலையில் எங்கள் வீட்டுக் கணினியில் இன்டெல் ஐ3-10100 செயலியும் எச்410 மதர்போர்டும் இருக்கின்றன. 4 ஜிபி ராம் இரண்டு, 2666 பஸ். பஸ் என்று கடைக்காரர் சொல்வது ராம் தரவைக் கடத்தும் வேகத்தை. மகள் அதில்தான் வீடியோ தொகுக்கிறாள். வேகம் போதவில்லை என்று நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

"ராம் பழைய பஸ் அண்ணை. 3200 பஸ் போட்டால் சரியாகிவிடும்" என்றார் அங்கிருந்தவர். பழைய இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, 8 ஜிபி ஒன்றை மாட்டினார். பழையவற்றுக்குக் கழித்த பிறகும் 8,500 ரூபா கொடுத்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால் முன்பைவிட மோசம். வீடியோ விட்டுவிட்டு ஓடியது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தேன். வேகம் 2667 என்றே காட்டியது, அதாவது அதே பழைய 2666தான்!

நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி இந்தச் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச வேகம் 2666. எச்410 போர்டு அதைத் தாண்ட விடாது. 3200 ராம் வேலை செய்யும், ஆனால் 2666க்கு இறங்கித்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய இழப்பு, இரண்டை எடுத்து ஒன்றைப் போட்டது. இரண்டு ராம் இரண்டு வழியாகத் தரவை அனுப்பும், விநாடிக்கு 42.6 ஜிபி வரை. ஒன்று மட்டும் என்றால் 21.3. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கும் அதே ராம்தான். மகளின் வீடியோ திக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நாள்தோறும் ராம் மாட்டுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? எனக்கு ஆறவில்லை.

கழற்றும் ராமைக் கடையில் விடாதீர்கள். செயலியின் பெயரை எழுதிக்கொண்டு போய், அது எந்த வேகம் வரை ஏற்கும் என்று இன்டெல் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். பற்றுச்சீட்டில் பஸ் எண்ணையும் எத்தனை ராம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் நான் திரும்பிப் போனபோது பழைய இரண்டும் விற்றாகிவிட்டது என்றார். என் பற்றுச்சீட்டில் "ராம் 8 ஜிபி" என்பதைத் தவிர எதுவும் இல்லை.