டயப்பரா, துணியா? துணி என்றால் எந்தத் துணி?

கல்லிடைக்குறிச்சியில் இப்போது மே மாதம். காலை எட்டு மணிக்குப் பிள்ளைத் துணிகளைத் தட்டட்டிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கி, காப்பி குடித்து, பேப்பரில் பாதியைப் புரட்டுவதற்குள் அம்மா மேலேயிருந்து குரல் கொடுக்கிறாள்: "ஏல, காஞ்சிட்டு, வந்து எடுத்துட்டுப் போ." கடையில் வாங்கிய பிள்ளைத் துணிகளை நவம்பரில் இங்கிலாந்தில், எங்கள் லீட்ஸ் வீட்டில் காயப்போட்டபோது, ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்து, காலையில் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் என்று திருப்பிப் போட்டிருக்கிறேன். நான் சொல்லப்போகிற விஷயத்தில் முக்கால்வாசி இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

கேட்டது சித்தி மகன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் இருக்கிறான், அவன் மனைவிக்கு நவம்பரில் பேறுகாலம். "அண்ணே, டயப்பரா துணியா? துணின்னா எந்தத் துணி?" என்றான். எல்லாரும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன், அதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

அங்கே கிடைக்கிற வழிகள் மூன்று. கழற்றி எறிகிற டயப்பர் ஒன்று. ரெண்டாவது, இந்தக் காலத்துத் துணி நாப்பி. உள்ளே நாலைந்து அடுக்குத் துணி, வெளியே தண்ணீர் விடாத மேலுறை, எல்லாம் ஒன்றாகத் தைத்து, இடுப்பில் பொத்தானும் வைத்து, பூப்போட்டு அழகாக இருக்கும். ஒன்றே பதினைந்து, இருபது பவுண்டு வரும். மூன்றாவது நம் ஆச்சிமார் கட்டிவிட்டது. வேட்டியைக் கிழித்த சதுரத் துணி. அங்கே மஸ்லின் சதுரம் என்ற பெயரில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், மேலே மாட்ட ஒரு கவர் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே நாங்கள் ரெண்டாவதில் பதினாறு வாங்கி அடுக்கிவைத்தோம். படித்தவர்கள் இல்லையா. இப்போது நான் மூன்றாவதன் ஆள். ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர், மற்ற நேரமெல்லாம் வேட்டித் துணி.

செலவு, புண், மென்மை இதையெல்லாம் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். செலவில் டயப்பர் ஒன்றும் கொள்ளை இல்லை, பெரிய கடைகளின் சொந்தச் சரக்கு மலிவாகவே கிடைக்கிறது. ஆல்டி கடையின் டயப்பருக்குப் பெயரே மாமியா, ஊரிலிருந்து மாமியார் வந்து சேர்வதற்கு முன்னால் வீட்டுக்குள் வந்த மாமியா இதுதான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். தோல் சிவப்பது மூன்றிலும் நடந்தது. மாற்றாமல் விட்டால் எதிலும் சிவக்கும்.

இனி காய்வதற்கு வருகிறேன்.

லீட்ஸில் டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்குச் சூரியன் போய்விடும். பகலில் இருப்பதையும் சூரியன் என்று சொல்ல நெல்லைக்காரனுக்கு மனசு வராது. வெளியே கொடி கட்டிப் பிரயோசனமில்லை, எல்லாம் வீட்டுக்குள்தான். அந்த நாலைந்து அடுக்கு நாப்பி இருக்கிறதே, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் கையை விட்டால் சில்லென்று இருக்கும். மூங்கில் நார்த் துணி நன்றாக உறிஞ்சும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நன்றாக உறிஞ்சுகிற துணி தண்ணீரை லேசில் விடாது என்பதை யாரும் சொல்வதில்லை. பதினாறு வாங்கியும் எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்து ஈரமாகத் தொங்கும். பச்சைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாற்ற வேண்டியிருக்கும், அப்படியானால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் மேலே போட்டால் காயும்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காற்றில் ஏறி, குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் போய் உட்காரும். காலையில் ஜன்னல் அழுதுகொண்டிருக்கும். மூன்றாவது வாரம் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுக்காரரிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார், வெளியே இரண்டு டிகிரி. இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2020-ல் ராச்டேல் ஊரில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோய், அதற்கு அந்தப் பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணையில் முடிவானது. வாடகை வீடுகளின் ஈரத்தைப் பற்றிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ராச்டேல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பிள்ளைக்கு நல்லது என்று துணி கட்டி, அந்தத் துணியாலேயே அவள் தூங்குகிற அறையில் பூஞ்சையை வளர்த்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

காயவைக்கும் மிஷின் வீட்டில் இருந்தது. பழையது, ஒரு தடவை ஓட்டினால் நாலைந்து யூனிட் இழுக்கும், யூனிட்டுக்குச் சுமார் 25 பென்ஸ் என்றால் ஒரு பவுண்டு தாண்டிவிடும். போதாததற்கு அந்தச் சூட்டில் நாப்பியின் மேலுறை உரிந்து, இலாஸ்டிக் தளர ஆரம்பித்தது. இருபது பவுண்டுத் துணி.

அம்மா வந்தது அக்டோபர் நடுவில். அங்கே பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை இருக்கலாம், அந்த ஆறு மாதம் சரியாகக் குளிர்காலத்தில் விழுந்தது. அவள் பெட்டியில் பேறுகால மருந்துப்பொடி, மிளகாய்ப்பொடி, வசம்பு எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த நாற்பது துணி இருந்தது. இதெல்லாம் எதற்கு என்று நான் எரிச்சல்பட்டேன். துடைக்க ஆகும் என்று வாயை மூடிக்கொண்டாள். நவம்பர் கடைசியில் ஒரு நாள் பதினாறும் ஈரம், டயப்பரும் தீர்ந்திருந்தது. ஆபீசிலிருந்து வந்து பார்க்கிறேன், என் மகள் முக்கோணமாக மடித்த வேட்டித் துணியில், இடுப்பில் முடிச்சோடு, மேலே ஒரு கவரோடு கிடந்து கையைக் காலை ஆட்டுகிறாள். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ்வளவு துட்டு குடுத்து வாங்குன துணி காயலன்னா அத வச்சு என்ன செய்ய?"

அன்றைக்கு ராத்திரி துவைத்துப் போட்டது, ஸ்டாண்டில் ஒற்றையாக விரித்துப் போட்டது, காலையில் காய்ந்திருந்தது. சூட்சுமம் ஒன்றும் இல்லை. கட்டும்போது மடித்தால் நாலு அடுக்கு, எட்டு அடுக்கு. காயும்போது பிரித்தால் ஒரே அடுக்கு. தைத்த நாப்பியைப் பிரிக்க முடியாது, அது கட்டும்போது எப்படியோ அப்படியே காய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெண்டு மாதமும் கிட்டத்தட்ட முந்நூறு பவுண்டும் ஆயிற்று.

அப்புறம் ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்கினேன், அதாவது காற்றிலிருந்து தண்ணீரைப் பிடித்து ஒரு தொட்டியில் சேர்க்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் சொச்சம். சின்ன அறையில் துணியையும் அதையும் வைத்துக் கதவை மூடிவிட்டால் காலையில் துணி காய்ந்திருக்கும், தொட்டியில் தண்ணீர் நிற்கும், ஜன்னல் அழாது. துணிதான் என்று முடிவு செய்கிறவர்கள், நாப்பிக்கு ஒதுக்குகிற பணத்தில் முதலில் இதை வாங்குங்கள் என்பேன்.

என் மனைவிக்குத் தென்காசி. சாரல் காலத்தில் அங்கேயும் ஜூன் தொடங்கி ஆவணி வரை துணி காயாது, அவளுடைய ஆச்சி சட்டியில் கங்கு போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளைத் துணியை விரித்து வாட்டி எடுப்பார்களாம். அதைக் கேட்டுவிட்டு அம்மாவுக்கு ஆசை வந்தது, புகை மணி அடித்துத் தெருவே கூடிவிடும் என்று தடுத்தோம். பிள்ளை இருக்கிற அறையில் புகை வேண்டாம் என்பது வேறு விஷயம்.

சுற்றுச்சூழல் என்று சொல்வதும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இரண்டரை வருடத்துக்கு டயப்பர் என்றால் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், துணி என்றால் சராசரியாக 570 கிலோ. ஆபீசில் ஒருவர் இதைக் காட்டி என்னைக் கேலி செய்தார். முழுசாகப் படித்தால், மிஷின் நிறைய போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டினால் அதில் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதிலேயே இருக்கிறது. சூட்டு மிஷினில் காயவைத்தால் துணிக்காரன் பெருமை பேச இடமில்லை.

வேட்டித் துணியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மடிக்கப் பழக வேண்டும், அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு முதல் பத்து நாள் என் மடிப்பு ஒன்றும் நிற்கவில்லை. ஊசிக்குப் பதிலாக ஸ்னாப்பி என்ற ரப்பர் கொக்கி கிடைக்கிறது, அதை வாங்கியபிறகு பிழைத்தேன். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு அது நடக்காது. அந்த நேரத்தில் மாமியா பத்து மணி நேரம் தாங்கும், பிள்ளை தூங்கும், நாமும் தூங்குவோம். இதில் கொள்கை பேசுகிறவர்களுக்குப் பச்சைப்பிள்ளை இருக்காது. வெளியே போனாலும் அப்படித்தான், மான்செஸ்டரில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்குகிற வரைக்கும் டயப்பரைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

நாப்பிக்கு ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும், பழசை நல்ல விலைக்கு விற்கலாம். இலாஸ்டிக் கெடாத பதினொன்றைப் பாதி விலைக்கு ஒரு தம்பதி வாங்கிப் போனார்கள். வேட்டித் துணியை யார் வாங்குவார்? அது கடைசியில் அடுக்களைக்குப் போய்விடும்.

ஊருக்கு வந்தபிறகு டயப்பரின் நிலைமை இன்னும் மோசம். இந்த வெயிலில் இடுப்பில் பிளாஸ்டிக்கைக் கட்டிவிட்டால் யாருக்கும் வேகும். பத்தமடைப் பாயை விரித்து, வெறும் துணியோடு கிடத்திவிட்டால் பிள்ளைக்கும் சுகம், நமக்கும் சுகம். லீட்ஸில் வீடு முழுக்க ஒட்டிய கம்பளம், அங்கே இப்படி விட்டால் வீட்டுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். எறிகிற விஷயத்திலும் அங்கே கறுப்புத் தொட்டியில் போட்டால் தீர்ந்தது. இங்கே குப்பை விதிகளில் டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, சுற்றித்தான் கொடுக்கிறோம். ஆனால் வாய்க்கால் கரையில் நடந்தால் ஊதிப்போன டயப்பர் நாணலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் நீச்சல் பழகிய தண்ணீர் அது.

என் அனுபவம் ஒரு பிள்ளை, ஒரு குளிர்காலம். இரட்டைப்பிள்ளை உள்ளவர்களிடமும், பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து யாரும் வர முடியாதவர்களிடமும் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன், நாற்பது துணியையும் மடித்து அடுக்கியது பெரும்பாலும் அம்மாவின் கைதான். அவள் மார்ச் கடைசியில் கிளம்பியபிறகு, வாரத்தில் ரெண்டு நாளாவது பகலிலும் டயப்பரை எடுத்தேன்.

சித்தி மகனுக்குச் சொன்னது இது. எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் பத்துத் துணி வரும், நாலு வேட்டி போதும், புதுசு வேண்டாம், பழசுதான் உறிஞ்சும். கவர் ஐந்து. துவைக்கும்போது வாசனைத் திரவம் ஊற்றாதே, ஊற்றினால் துணி தண்ணீரைக் குடிக்காது. பால் குடிக்கிற பிள்ளையின் மஞ்சள் கறைக்கு ஒன்றும் தேய்க்காதே, என்றைக்காவது வெயில் அடித்தால் ஜன்னலோரம் போடு, தானே போய்விடும். அப்புறம், கிளாஸ்கோவின் பழைய கல் வீடுகளில் அடுக்களைக் கூரையிலிருந்து கயிறும் கப்பியும் வைத்து இறக்கி ஏற்றுகிற கொடி இருக்கும், துணியைப் போட்டு மேலே இழுத்துவிட்டால் சூடு ஏறுகிற இடத்தில் தொங்கும். உன் வீட்டில் அது இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார், பார்த்துவிட்டுப் போன் போடு, எத்தனை வேட்டி கிழிக்க என்று அம்மா கேட்கிறாள்.