ஆலயமா, வீட்டுச் சபையா, நேரலையா?

ஞாயிறு ஆராதனை அலுத்துப்போனவர்களுக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய ஆலயத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது, பத்துப் பதினைந்து பேராக ஒரு வீட்டில் கூடுவது, இல்லையென்றால் நேரலையைப் பார்த்து 'ஆமென்' என்று தட்டிவிட்டுப் போவது.

நேரலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். படுக்கையில் கிடப்பவருக்கு அது வரம்தான், 2020 ஊரடங்கில் எல்லோருக்குமே அதுதான் கைகொடுத்தது. ஆனால் மூன்று மாதம் நீங்கள் வராவிட்டாலும் 'ஏன் காணோம்' என்று கேட்க அங்கே ஆளில்லை.

வீட்டுச் சபைக்காரர்கள் 'ஆதித் திருச்சபையே இப்படித்தான்' என்பார்கள். சரிதான், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடிய சபைக்கு பவுல் வாழ்த்து அனுப்புகிறார் (ரோமர் 16:5). ஆனால் சிரியாவின் துரா யூரோபோஸில் தோண்டியெடுத்த 3ஆம் நூற்றாண்டு வீட்டு ஆலயத்தைப் பாருங்கள்: இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துக் கூடமாக்கி, இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அப்போதே வீடு ஆலயமாகத் தொடங்கிவிட்டது. தவிர, கொரிந்து நகரத்துச் சபை கூடிச் சாப்பிடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றதற்குத்தான் பவுல் அவ்வளவு கடிந்துகொண்டார். வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம் என்ற நிலை இன்றைய வீட்டுச் சபைகளிலும் வரலாம், அவரே போதகராகவும் காணிக்கையை எண்ணுபவராகவும் இருந்துவிட்டால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஆலயத்தில் கமிட்டி, தேர்தல், தணிக்கை எல்லாம் உண்டு (தேர்தல் சண்டையும் கூடவே உண்டு). ஆனால் அமைப்பு இருந்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது. சிறுவர்களிடம் அத்துமீறிய குருக்களை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றி மூடிமறைத்தது 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் அம்பலமானபோது, மறைத்தது அந்த அமைப்பேதான் என்று உலகம் பார்த்தது.

எனக்குப் பிடித்தது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் செய்தது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் கண்ணில் அந்த வீடுகளின் நிலவரமும் பட்டது. கடனுக்கான வசூலாகத் தொடங்கிய ஏற்பாடு, கொஞ்ச நாளில் ஒருவரையொருவர் விசாரிக்கும் வாராந்தரக் குழுவாகவே மாறிவிட்டது. அதனால் என் ஓட்டு ஆலயத்துக்குத்தான், உள்ளே இப்படிச் சிறு குழுக்களும் வெளியாள் பார்க்கும் கணக்கும் இருந்தால். இரண்டுமே இல்லாத ஆலயம் என்றால், கணக்கை எல்லோர் முன்னாலும் வைக்கிற ஒரு வீட்டுச் சபையைத் தேடிக்கொள்வேன்.