ஆறு பத்தி கிரிட்: மூன்று மாம்பழ சீசன் ஓட்டிய பிறகு

கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து தொடங்கினால் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலையும் குவியும். மண்டி விலைப்பட்டியல், நாற்றுப்பண்ணை நோட்டீஸ் எல்லாமே மூன்று சீசனாக ஒரே ஏ4 கிரிட்டில், அதாவது பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்கும் ஒரே கோட்டுச் சட்டத்தில் ஓடுகின்றன.

இடம் வலம் 15 மி.மீ. விட்டால் மீதி 180 மி.மீ. அதில் 25 மி.மீ. அகலத்தில் ஆறு பத்தி, நடுவே 6 மி.மீ. இடைவெளி. இணையத்தில் கிடைக்கும் 12 பத்தி வார்ப்பு வெப்சைட்டுக்குச் சரி. தாளில் கோடு அதிகமானால் எதையும் எங்கேயும் ஒட்டிவிடலாம். கிரிட் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆறிலும் இரண்டு பத்தியைச் சேர்த்தால் 56 மி.மீ.தான். ‘கிருஷ்ணகிரியிலிருந்து’ போல ஒரு சொல் வந்தாலே பாதி வரி போச்சு. அங்கே ஜஸ்டிஃபை (இரு ஓரமும் சமமாக இழுப்பது) போட்டால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், இடது ஒழுங்கே போதும். ஓடும் எழுத்துக்கு மூன்று பத்தி, 87 மி.மீ. வேண்டும்.

உண்மையான தலைவலி வரிக் கட்டத்தில், அதாவது எல்லாப் பத்தியின் வரிகளும் உட்காரும் சம இடைவெளிக் கோடுகளில். எழுத்து 10 பாயிண்ட், வரிக்கு வரி 15 பாயிண்ட். மேலே 45 பாயிண்ட் விட்டால் ஏ4-இல் 50 வரி அடங்கும்: 16 வரியில் மூன்று அடுக்கு, நடுவே ஒவ்வொரு வரி காலி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 13 பாயிண்ட் உபதலைப்பை ஆட்டோ லீடிங்கில் (தானியங்கி வரி இடைவெளி) விட்டால் 15.6 ஆகிறது, கட்டத்தைத் தாண்டியதால் இரண்டாவது வரி 30-க்குக் குதிக்கும். 15-க்கு இழுத்துப் பிடித்தாலோ ‘மாம்பழக்கூழ்’ என்பதில் உள்ள ழகரத்தின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும். 12 பாயிண்ட் தடித்த எழுத்து, ஒரே வரி: இதற்கு மேல் உபதலைப்புக்கு ஆசைப்படக் கூடாது. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போஸர் அமைப்பை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள்; இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

படத்தின் அடி வரிக்கோட்டில் உட்காரட்டும். மேல்விளிம்பைக் கோட்டுக்கு வைத்தால் பக்கத்து எழுத்தை விடத் தாழ்ந்து தெரியும். எழுத்தின் தலைக்குச் சமமாக ஏற்றுங்கள்.

ஆந்திர, கர்நாடக எல்லை அருகில் என்பதால் மும்மொழி நோட்டீஸும் வரும். தெலுங்கு, கன்னட ஒத்தெழுத்துகள் அடியில் தொங்குகின்றன. வரியை 18 ஆக்கினால் அடுக்குக்கு 16 வரி என்ற கணக்கு உடையும். அந்த இரண்டை மட்டும் 9 பாயிண்டுக்கு இறக்கினால் 15-லேயே அடங்குகின்றன.

பிளக்ஸுக்கு இந்த எண்கள் உதவாது, ஆறு பங்கு மட்டும் உதவும். ரீப்பர் எனும் மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடிப்பார்கள். நாலு பக்கமும் 3 அங்குலம் ஒதுக்காவிட்டால் போன் நம்பரின் கடைசி எண் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும்.

விலைப்பட்டியலில் ஒரு அடுக்குக்கு 14 ரகம் மட்டும் போட்டு, இரண்டு வரியைக் காலியாக விடுங்கள். புரூஃப் பார்த்த பிறகுதான் “செந்தூராவை விட்டுட்டீங்களே” என்பார்கள்.