வாட்ஸ்அப்பில் மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கி மாட்டிக்கொண்ட கதை

திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பில் பாதி என்னுடையதுதான். ஆனால் எனக்கு வந்த காய்ச்சல் நிஜம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2024 ஆயுத பூஜை லீவுக்குக் காங்கேயம் போயிருந்தேன். ஞாயிறு ராத்திரி குளிரெடுத்து ஆரம்பித்த காய்ச்சல், அக்டோபர் 14 திங்கள் முதல் 19 சனி வரை ஆளைப் போட்டு அடித்துவிட்டது, பாத்ரூம் வரை நடந்தாலே முழங்கால் நடுங்கும். ரெண்டு நாளில் விட்டுவிடும் என்று டாக்டரிடம் போகவில்லை. மெடிக்கல் ஷாப் மாத்திரை, அம்மா வைத்த மிளகு ரசம், அவ்வளவுதான் வைத்தியம். சூப்பர்வைசருக்கு போன் மட்டும் போட்டுச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஹெச்.ஆரிலிருந்து மெசேஜ்: திங்கள் வரும்போது மெடிக்கல் சர்ட்டிபிகேட் கட்டாயம். அவர்கள் பக்கமும் புரிகிறது. தீபாவளி 31ஆம் தேதி, ஷிப்மெண்ட் நெருக்கடியில் லைன் முழுக்க ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிற நேரம், ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவன் ஒரு வாரம் வரவில்லை என்றால் யாராக இருந்தாலும் லீவை இழுக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு போனஸ் கவலை வேறு.

அப்போதுதான் ரூம்மேட் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை போனில் அனுப்பினான். சிக் லீவு, ஃபிட்னஸ், எந்தத் தேதிக்கும் 30 நிமிடத்தில், டாக்டர் கையெழுத்தோடு, 300 ரூபாய். போன் போட்டேன். தேன் மாதிரிப் பேச்சு. "சொல்லுங்ணா, எத்தனை நாளுங்ணா வேணும்?" என்றான், ஏதோ தறி வேட்டி அளந்து கொடுக்கிற மாதிரி. 300 கட்டியதும் முன்தேதி போட 300 தனி என்றான், அப்புறம் ஃபிட்னஸ் சீட்டுக்கு 200. ஆக 800. ஆதார் போட்டோ கேட்டான், அதையும் அனுப்பித் தொலைத்தேன். என் உடம்பைப் பற்றி அவன் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன காய்ச்சல், இப்போது எப்படி இருக்கிறது, ஒன்றும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் பி.டி.எஃப். வந்தது. பார்த்தால் அசல்தான் என்று தோன்றும். ஊதா நிற வட்ட சீல், பச்சை மையில் சரிந்த கையெழுத்து, கீழே பதிவு எண். வைரல் ஃபீவர், 14 முதல் 19 வரை என் சிகிச்சையில் இருந்தார் என்று எழுதியிருந்தது. அங்க அடையாளம், நோயாளி கையெழுத்து ரெண்டுக்கும் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருந்தான்.

ஹெச்.ஆர். மேடம் கண் முதலில் போனதே அந்தக் காலிக் கோட்டுக்குத்தான். சர்ட்டிபிகேட் கொடுக்கிற டாக்டர் அங்க அடையாளம் குறிக்க வேண்டும், ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கென்று ரிஜிஸ்டரே வைத்திருக்க வேண்டும், 2002 மெடிக்கல் கவுன்சில் விதியில் இருக்கிறது என்றார். பிறகு தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தைத் திறந்து அந்தப் பதிவு எண்ணைப் போட்டார், மானிட்டரை என் பக்கம் திருப்பினார். வந்தது வேறு ஒரு டாக்டர் பேர். "இவர் யாருங்க தம்பி?" என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடம் சத்தம் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஆறு நாளும் சம்பளம் கட். பொய் ஆவணம் கொடுத்ததாக மெமோ. காய்ச்சல் நிஜம்ங்க மேடம் என்று எத்தனை தடவை சொல்லியும் எடுபடவில்லை, எப்படி எடுபடும்?

அவனுக்கு போன் போட்டால், "நீங்க யாருங்ணா?" என்று கேட்டுவிட்டு பிளாக் செய்துவிட்டான். பண மோசடிக்கு 1930 நம்பர் இருப்பது தெரியும். என்ன சொல்லிப் புகார் கொடுப்பது? பொய் சீட்டு வாங்கப் பணம் கட்டினேன் என்றா? நம்மைப் போன்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதுதான் அவன் முதலீடே. ஆதார் பயோமெட்ரிக்கை மட்டும் அன்றைக்கே லாக் செய்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால் எனக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, இருக்கிறது. சம்பளம் 16,500, அதில் 0.75 சதவீதம் என்று மாதாமாதம் 124 ரூபாய் பிடிக்கிறார்கள், கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. (21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு.) முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் சீட்டும் கிடைத்திருக்கும், பணமும் வந்திருக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறார்கள், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் ரெண்டு நாள் கணக்கில் வராது. எனக்கு நாளுக்கு 385 வீதம் நாலு நாளுக்கு 1,540 வந்திருக்க வேண்டியது, 800 கொடுத்து மெமோ வாங்கியிருக்கிறேன். அதோடு, அந்த நோய்க்காலப் பணம் வாங்குகிற நாட்களில் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1948 இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவு சொன்னது. யூனியன் அண்ணன் ஒருவர் இதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசி முயற்சியாக டிஸ்பென்சரிக்கும் போய்ப் பார்த்தேன். டோக்கன் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போனால், அந்த டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "நான் பாக்காத காய்ச்சலுக்கு நான் எப்படிக் கண்ணு சீட்டெழுதறது?" என்றார். கோபமே வரவில்லை. ஆறு நாளில் ஒரு நாள், காங்கேயத்திலேயே யாராவது ஒரு டாக்டரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்கியிருந்தால் கூடக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் எங்கள் லைனில் ஒரு டைலர் பையன் மூணு நாள் லீவுக்கு சர்ட்டிபிகேட் கொண்டுவந்து, சரியா இருக்குதுங்களாண்ணா என்று என்னிடம் நீட்டினான். ஊர் பேர் ஈரோடு, டாக்டர் பேர் வேறு. ஊதா சீலும், பச்சை மையில் சரிந்த அந்தக் கையெழுத்தும் மட்டும் அதேதான். இந்தத் தடவை 1,000 ரூபாயாம்.