16,800 ரூபாயில் நான்கு கேமரா: குரோம்பேட்டை வீட்டில் ஒரு வருஷமாக ஓடும் டிவிஆர்

எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் திருடு போனது. அதைச் சுற்றி மூன்று வீடுகளில் கேமரா இருந்தது. முதல் வீட்டில் டிவியில் நான்கு கட்டமும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய பதிவைத் திறக்கப் போனால் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. இரண்டாவது வீட்டில் பதிவு இருந்தது, ஆனால் கேமரா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில். வந்தவனின் தலைமுடி மட்டும் தெரிந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பி வந்து பார்ப்பதற்குள் அந்த ராத்திரியின் மேல் புதுப் பதிவு ஏறி அது அழிந்துவிட்டது. மூன்று பேரும் காசு செலவழித்துத்தான் கேமரா வைத்திருந்தார்கள்.

அதனால் நான் எங்கள் வீட்டுக்குப் பார்க்கக் கிளம்பியபோது கேமராவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கேட்டாலும், ராத்திரி இரண்டு மணிக்கு கேட் பக்கம் நின்றது யார் என்று, கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி, அதாவது டிவிஆர், காட்டுமா? இதற்கு ஆமாம் என்று பதில் சொல்லும் மலிவான ஏற்பாடு எது என்பதுதான் என் தேடல். செல்போனில் நேரலை பார்ப்பது எல்லாக் கம்பெனியிலும் வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது பதிவை.

எங்களுடையது தனி வீடு, கீழ்த்தளம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அம்மா மட்டும் இருப்பார். கேட், வண்டிகள் நிற்கும் போர்ட்டிகோ, பின்பக்கத் துணி துவைக்கும் இடம், மாடிப்படி என்று நான்கு இடங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போய், பக்கத்து நரசிங்கபுரம் தெரு வரை விலை விசாரித்துவிட்டு சிபி பிளஸ் கம்பெனியின் நான்கு சேனல் (நான்கு கேமரா இணைக்கக்கூடிய) டிவிஆரும் அதே கம்பெனியின் 2 மெகாபிக்சல் கேமராக்கள் நான்கும் வாங்கினேன்.

கடையில் இருந்த தம்பி, "அக்கா, ஐபி கேமராவா போட்டுடுங்க, டிவிஆர் எல்லாம் பழசு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐபி கேமரா என்பது நெட்வொர்க்கில் ஓடுவது. அதில் படம் இன்னும் துல்லியம், ஒரே Cat-6 நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் 100 மீட்டர் வரை போகும். ஆனால் என்விஆர் (ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டி), பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும் இணைப்புப் பெட்டி), கேமரா என்று எல்லாம் சேர்ந்து எனக்கு வந்த விலை டிவிஆரைவிட ஒன்றரை மடங்கு. எங்கள் கேட்டிலிருந்து பெட்டி இருக்கும் இடம் அறுபது அடிதான். இந்தத் தூரத்துக்குச் சாதாரண 3+1 கேபிளே (மின்சாரத்துக்கு மூன்று வயர், படத்துக்கு ஒன்று) தாராளம். மிச்சமான பணத்தை நல்ல ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன், அதில் எனக்கு முழுத் திருப்தி.

நான் வாங்கியபோது வந்த கணக்கு இது. டிவிஆர் 3,100. கேமரா ஒன்று 1,250 வீதம் நான்குக்கு 5,000. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் 4,200. கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 650, 90 மீட்டர் கேபிள் கட்டு 1,400, பிஎன்சி, டிசி பின் என்ற இணைப்பு முனைகள், பிவிசி பாக்ஸ் எல்லாம் 450. போட்டுக் கொடுத்த கூலி 2,000. ஆக 16,800. டிஸ்க் விலை அடிக்கடி ஏறி இறங்கும்.

டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கொட்டேஷன் வாங்கும்போது எல்லோரும் தாண்டிப்போகிற வரி அதுதான். பல கொட்டேஷன்களில் '1 டிபி எச்டிடி' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்த டிஸ்க் என்று கேளுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலில் பர்ப்பிள், சீகேட்டில் ஸ்கைஹாக், இவை இரண்டும் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று செய்தவை. வருஷத்துக்கு 180 டெராபைட் வரை தாங்கும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. நான்கு கேமரா வைத்த என் வீட்டில் வருஷத்துக்கு எழுதப்படுவது 24 டெராபைட்கூட வராது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ரீஃபர்பிஷ்டு டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கும். வேண்டவே வேண்டாம். டிஸ்க்கின் மேல் இருக்கும் சீரியல் நம்பரைக் கடையில் நின்றபடியே கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரன்ட்டி எந்தத் தேதி வரை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு டெராபைட்டில் எத்தனை நாள் நிற்கும்? கடைக்காரர்கள் 'ஒரு மாசம் வரும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். வருமா வராதா என்பது செட்டிங்கைப் பொறுத்தது. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு ஆறு நாளைக்கு மேல் நிற்காது. அப்படியே விட்டிருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருவதற்குள் முதல் நாள் காட்சி போய்விடும். மெனுவில் என்கோட் பகுதிக்குப் போய், படத்தைச் சுருக்கும் முறை எச்.264 என்று இருப்பதை எச்.265 ஆக்கினால் ஏறக்குறைய அதே படம் பாதி இடத்தில் அடங்கும். கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் 2 மெகாபிட், பின்பக்கத்துக்கும் மாடிப்படிக்கும் 1 மெகாபிட், நொடிக்கு 15 ஃபிரேம். இப்போது நாளைக்குச் சுமார் 65 ஜிபி, பதினைந்து நாள் பதிவு நிற்கிறது. இதை யாரும் தானாகச் செய்து தர மாட்டார்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும்.

ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய்யும் 'மோஷன்' முறையில் இன்னும் நிறைய நாள் நிற்கும் என்பார்கள். கேட்டுக்கு நான் அதை வைக்கவில்லை. வேப்பமரக் கிளை ஆடினாலே பதிவு ஓடும். அதே சமயம் ஓரத்தில் மெதுவாக வருபவரின் முதல் சில நொடிகள் விட்டுப்போகலாம். அந்தச் சில நொடிகளில்தான் முகம் இருக்கும்.

அப்புறம் லென்ஸ். விளம்பரத்தில் மெகாபிக்சலைப் பெரிதாகப் போடுவார்கள், 2.8 எம்எம், 3.6 எம்எம் என்ற லென்ஸ் அளவு கேமரா வரும் பெட்டியின் மூலையில் சின்னதாக இருக்கும். எண் சிறியதானால் காட்சி அகலம், ஆள் சின்னதாகத் தெரிவார். தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண வேண்டுமானால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை ஒன்று இருக்கிறது. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 பிக்சல். கணக்குப் போட்டால், 2.8 லென்ஸில் மூன்று மீட்டர் தூரம் வரைதான் அந்தத் தெளிவு கிடைக்கும், 3.6-இல் நான்கு மீட்டர். அதற்கு மேல் 'யாரோ ஒரு ஆள், நீலச் சட்டை' என்ற அளவுதான். தெரு முழுக்கத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு 2.8-ஐ உயரத்தில் மாட்டினால் தெருவில் ஒருவர் முகமும் தெரியாது. எங்கள் கேட்டுக்கு 3.6, எட்டரை அடி உயரத்தில், கேட்டிலிருந்து பதினோரு அடி தள்ளி. பேப்பர் போடுபவர் முகம்கூடத் தெளிவாக விழுகிறது. போர்ட்டிகோவுக்கு 2.8 போதும், வண்டி அருகில்தான் நிற்கிறது.

ராத்திரிப் படம்தான் மலிவுக் கேமராவின் உண்மையான பரீட்சை. இருட்டில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். ஆள் உருவம் நன்றாகத் தெரியும். வண்டி நம்பர் பிளேட் மட்டும் வெள்ளைத் துண்டாகிவிடும், ஏனென்றால் அது ஒளியைத் திருப்பி அடிக்கும் பரப்பு. இந்த விலையில் உள்ள எல்லா கேமராவுக்கும் இது பொது. இதற்கு நான் கண்ட வழி 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை போர்ட்டிகோவில் விடிய விடிய எரிய விடுவது. படம் கலரிலேயே இருக்கிறது, நம்பர் தெரிகிறது, சட்டை நிறம் தெரிகிறது. கூடுதல் விலை கொடுத்துக் கலர் நைட் விஷன் கேமரா வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். இன்னொரு தொல்லை சிலந்தி. கேமராவின் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், அதைத் தேடிச் சிலந்தி வரும், வலை ஒன்று கண்ணாடி முன் விழுந்தால் ராத்திரி முழுக்க வெள்ளைப் புகை. ஒட்டடைக் கம்பால் அடிக்கடி தட்ட வேண்டியதுதான்.

பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். திருட வருபவர் முதலில் தேடுவது அதைத்தான். எங்களுடையது பரணில், காற்றுப் போகிற மாதிரி, பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறோம், கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. டிவிஆர், டிஸ்க், நான்கு கேமரா எல்லாம் சேர்ந்து 28 வாட் போல இழுக்கிறது. இரண்டு மாத ஈபி பில்லில் நாற்பது யூனிட். இலவச யூனிட்டில் கணிசமான பங்கை இது தின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. போட வந்தவர் தன் வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கப் போனார். மௌஸை வாங்கி நானே அடித்தேன், செல்போன் செயலியையும் என் நம்பரிலேயே பதிந்தேன். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளும் கடைகளில் அந்த மாடல் இந்தச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். அம்மா நாளெல்லாம் நடமாடும் வீடு இது. அதனால்தான் வீட்டுக்குள் ஒரு கேமராவும் வைக்கவில்லை. கேட் கேமராவில் எதிர் வீட்டு ஜன்னல் வந்ததால் அந்த இடத்தைப் 'பிரைவசி மாஸ்க்' போட்டு மறைத்துவிட்டு, எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். மெனுவில் என்டிபி என்பதை ஆன் செய்தால் இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கேஸ் என்று வந்தால் முதல் கேள்வியே இதுதான். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்க ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் (கோப்பில் எதை மாற்றினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும். ஆகவே டிவி திரையைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிற்காதீர்கள். பென் டிரைவ் செருகி, பேக்கப் மெனு வழியாகவே அந்த நேரத்தை எடுத்து வையுங்கள். வாங்கிய வாரமே ஒரு முறை பழகிக்கொண்டால் பதற்றத்தில் கை ஓடும்.

குறை என்றால் இவை: மெனு எல்லாம் ஆங்கிலத்தில், அம்மாவால் பழைய காட்சியைத் தேடி எடுக்க முடியாது. நான்கு சேனலும் நிறைந்துவிட்டதால் ஐந்தாவது கேமராவுக்கு இடமில்லை. மாடியில் வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்கள் எட்டு சேனல் பெட்டியாகவே வாங்கிவிடுங்கள், பின்னால் மாற்றுவதைவிட அது மலிவு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், காலி செய்யும்போது கேபிளை உருவவும் முடியாது. அவர்களுக்கு வை-ஃபை கேமரா ஒன்று, அதற்குள் 'ஹை எண்டியூரன்ஸ்' (ஓயாமல் எழுதினாலும் தாங்குவது) என்று போட்ட 128 ஜிபி மெமரி கார்டு. எங்கள் தங்கை வீட்டில் ஒன்று இருக்கிறது, அவள் சாதாரண கார்டு போட்டிருந்தாள், ஒரு கோடையைத்தான் தாங்கியது. கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும், ஆகவே கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். மாதச் சந்தா கேட்கும் கிளவுட் வசதியை அவள் எடுக்கவில்லை. ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (வேறு கம்பெனிப் பெட்டியோடும் இணைய உதவும் பொது முறைகள்) இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். அது இருந்தால், சொந்த வீடு கட்டி என்விஆர் வாங்கும் நாளில் அதே கேமராவை அதில் சேர்த்துக்கொள்ளலாம்.